ஒளிச்செறிவுக் குறுக்கீட்டுமானி

ஒளிச்செறிவுக் குறுக்கீட்டுமானி என்பது, இரண்டு ஆடிகளில் விழும் விண்மீன் ஒளியின் செறிவு ஏற்ற இறக்கங்களை ஒப்பிட்டு, அவ்விண்மீனின் கோண விட்டத்தை அளக்கும் வானியற் கருவியாகும். நீலகிரியிலுள்ள அருவங்காட்டில் 1916 இல் பிறந்த ராபர்ட் ஹன்பரி பிரவுன், ரிச்சர்ட் டுவிஸ் என்பவருடன் சேர்ந்து இதனை உருவாக்கினார்.

வானில் மிகப் பொலிவாகத் தோன்றும் விண்மீனான சிரியசின் கோண விட்டம் சுமார் 0.006 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது பாகையின் 3600 இல் ஒரு பங்கு). கடையத்தில் வைத்த ஓர் அரைநெல்லிக்காயைச் சென்னையிலிருந்து பார்ப்பதற்கு இது ஏறத்தாழ ஒப்பாகும்.

செயற்பாடு

வழக்கமான குறுக்கீட்டுமானியில் இரு ஆடிகளின் ஒளியும் ஓரிடத்துக்குக் கொண்டுவரப்பட்டு ஒன்றன்மேல் ஒன்றாக விழச் செய்யப்படும். அப்போது தோன்றும் வரிகள், ஆடிகளின் இடைவெளி கூடக்கூட மங்கும். விண்மீன் பெரிதாயின் விரைவில் மறையும். 1920 இல் மைக்கல்சனும் பீசும் திருவாதிரையை இவ்வாறே அளந்தனர். ஆயினும் இரு ஒளிப்பாதைகளின் நீளமும் அலைநீள அளவிலான துல்லியத்துடன் ஒத்திருக்க வேண்டியிருந்ததால், இடைவெளியை மிகுதியாக்குவது கடினமாயிற்று.

ஹன்பரி பிரவுனின் கருவியில் ஒளி ஒன்றுசேர்க்கப்படுவதே இல்லை. ஒவ்வோர் ஆடியின் குவியத்திலும் உள்ள ஒளிமின் பெருக்கி ஒளியை மின்னோட்டமாக மாற்றும். இரு மின்னோட்டங்களும் கம்பிவழி வந்து பெருக்கப்படும். ஆடிகள் அருகருகே இருந்தால் ஏற்ற இறக்கங்கள் ஒத்திருக்கும். விலக விலக ஒட்டுறவு குறையும். அது குறையும் வேகமே விட்டத்தைத் தரும். பாதை நீளத்தில் 30 செ.மீ. அளவு பிழை இருந்தாலும் பாதகமில்லை. (வளிமண்டலத்தால் உண்டாகும் மினுமினுப்பு வேறு, அது மெதுவானது. இங்கு அளக்கப்படுபவை நொடிக்குப் பல கோடி முறை நிகழ்பவை.)

எதிர்ப்பு

தனித்தனி ஒளித்துகள்கள் இரு இடங்களில் எவ்வாறு ஒத்து வந்துசேரும் என்று இயற்பியலாளர் பலர் மறுத்தனர். 1956 இல் ஓர் ஆய்வகம் இவ்விளைவைத் தேடிக் காணவில்லை என அறிவித்தது. அக்கருவியின் உணர்திறனுக்கு ஆயிரம் ஆண்டுகள் அளந்திருக்க வேண்டும் என்று ஹன்பரி பிரவுனும் டுவிசும் கணக்கிட்டுக் காட்டினர். அதே ஆண்டில், படைத்துறையின் தேடொளி விளக்கு ஆடிகள் இரண்டைக் கொண்டு சிரியசின் விட்டத்தை அளந்து வெளியிட்டனர். நோபல் பரிசு பெற்ற எட்வர்ட் பர்செல் இவ்விளைவைக் குவாண்டம் கொள்கைவழி விளக்கி ஆதரித்தார்.

நராபிரி

ஆத்திரேலியாவின் நராபிரியில் 188 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தண்டவாளத்தில், 6.5 மீட்டர் அகலமுள்ள இரு எதிரொளிப்பிகள் நகர்ந்தன. 1974 வரை 32 விண்மீன்கள் அளக்கப்பட்டன. பொலிவும் வெப்பமும் மிக்க விண்மீன்களுக்கே இம்முறை பயன்பட்டமையால், பின்னர் சிட்னிக் குழுவினர் ஒளியை ஒன்றுசேர்க்கும் முறைக்கே திரும்பினர். எனினும் 2019 இல் அரிசோனாவிலுள்ள வெரிட்டாஸ் தொலைநோக்கிகள் இதே முறையில் இரு விண்மீன்களை அளந்தன.