தாய் சொன்னது பொய்யல்ல



இளம்பிள்ளை வாதம் பரவியிருந்த நாட்களில், கால் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த தாய்மார் பலர், "மூன்று தடவையும் சொட்டு மருந்து கொடுத்தேனே, ஐயா" என்று அழுவார்கள். சொல்லுவது மெய்தானா என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் குழந்தை மருத்துவரும் வைரஸ் ஆய்வாளருமான டாக்டர் டி. ஜேக்கப் ஜான் சந்தேகப்படவில்லை. மருந்து பெற்ற குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தார். மேலைநாடுகளில் மூன்று தவணை போதுமாயிருக்க, இங்கே அநேகருக்கு எதிர்ப்புச் சக்தி உண்டாகவில்லை என்று 1972-ல் எழுதினார்.

சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள, ஆனால் வலுவிழந்த போலியோ வைரஸ். அது குடலில் தங்கிப் பெருகினால்தான் பாதுகாப்பு கிடைக்கும். நம் குழந்தைகளில் அநேகருடைய குடலில் அது எளிதில் பற்றவில்லை. ஆகவே தவணைகளைக் கூட்ட வேண்டும். ஊரிலுள்ள குழந்தைகள் அனைவருக்கும் ஒரே சமயத்தில் கொடுக்கவும் வேண்டும். அப்போது நோய்க்கிருமி தங்க இடமிராது. வேலூரிலேயே இதைச் செய்து பார்த்து, 1983-ல் முடிவை வெளியிட்டார்கள்.

தேசமெங்கும் போலியோ சொட்டு மருந்து முகாம் தொடங்கியதோ 1995-ல்! அந்த இடைவெளியை நினைத்தால் மனம் கனக்கிறது. இந்தியாவில் அந்தக் காட்டு வைரஸ் கடைசியாகத் தாக்கியது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்துக் குழந்தை ஒன்றை.

அதற்கு முன் கால் சூம்பிப்போனவர்களில் பலர் இன்று நடுவயதினர். தேய்ந்த காலிப்பரை மாற்ற இன்னும் வருகிறார்கள்.