மயால் கிரீக்கிலிருந்து யூருக் வரை: ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் உரைத்த உண்மை

காலனி ஆட்சி ஒரு மண்ணின் பூர்வகுடிகளுக்கு என்ன செய்தது என்பதை, அதை அனுபவித்தவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் தங்கள் வாயால் சொல்ல, அரசும் மற்றக் குடிமக்களும் உட்கார்ந்து கேட்டு, நாட்டின் வரலாறாகவே எழுதிவைப்பதற்கு 'உண்மை உரைத்தல்' என்று பெயர். தென்னாப்பிரிக்காவில் 1996-லும் கனடாவில் 2008-லும் இதற்கென ஆணையங்கள் இயங்கத் தொடங்கின. ஆஸ்திரேலியா இந்த வழிக்கு வரத் தாமதமானது. ஓர் ஆட்சியின் கொடுமையை மட்டும் ஒப்புக்கொண்டால் அங்கே கணக்கு தீராது. யாருக்கும் உரிமையில்லாத நிலம் என்ற பொய்யின் மேல்தான் அந்த நாடே எழுந்தது.

அபாரிஜினல் மக்கள் அந்தக் கண்டத்தில் குறைந்தது 50,000 ஆண்டுகளாக வாழ்கிறார்கள். வடக்கே டோரஸ் நீரிணைத் தீவுகளில் வாழ்வோர் தனிப் பண்பாடு கொண்ட இன்னொரு மக்கள். ஐரோப்பியர் வந்தபோது 250-க்கும் மேற்பட்ட மொழிகள் அங்கே புழங்கின. 1770-ல் ஜேம்ஸ் குக் கிழக்குக் கரையை பிரிட்டிஷ் மன்னருக்கு உரியதாக அறிவித்தார். 1788 ஜனவரி 26 அன்று, கைதிகளை ஏற்றிவந்தவர்கள் சிட்னித் துறையில் கொடி நாட்டினார்கள். மறு ஆண்டே பெரியம்மை பரவியது. அந்த வட்டாரத்துப் பூர்வகுடிகளில் பாதிப்பேர் மாண்டதாக அன்றைய ஆளுநரே கணித்தார். நியூசிலாந்தின் மாவோரிகளோடு 1840-ல் வைத்தாங்கி ஒப்பந்தம் செய்துகொண்ட பிரிட்டிஷ் அரசு, ஆஸ்திரேலியாவின் எந்தக் குடியோடும் ஒப்பந்தம் செய்யவில்லை. நிலத்துக்குச் சொந்தக்காரரே இல்லை என்றால் யாரோடு ஒப்பந்தம் செய்வது? இந்தச் சட்டக் கற்பனை 1992 ஜூன் 3 வரை நின்றது. அன்றுதான் டோரஸ் நீரிணையின் மெர் தீவைச் சேர்ந்த எடி மாபோ தொடுத்த வழக்கில் நாட்டின் உயர் நீதிமன்றம் அதை உடைத்தது. அந்தத் தீர்ப்பைக் கேட்க மாபோ இல்லை. அதே ஆண்டு ஜனவரியில் இறந்துபோயிருந்தார்.

நிலம் பறிபோனதில் பெரும் பங்கு ஆட்டு மந்தைகளுக்கும் மாட்டு மந்தைகளுக்கும் உண்டு. மேய்ச்சல் நிலம் தேடிக் குடியேறிகள் உள்நாட்டுக்குள் நகர நகர, பூர்வகுடிகள் தண்ணீர்த் துறைகளையும் வேட்டைக் காடுகளையும் இழந்தார்கள். எதிர்த்து நின்றவர்கள் சுடப்பட்டார்கள். எதிர்க்காதவர்களும் தப்பவில்லை. நியூ சவுத் வேல்ஸின் வடக்கே மயால் கிரீக் என்ற கால்நடைப் பண்ணையில் நடந்தது அதற்குச் சாட்சி.

1838-ல் விராயராய் மக்களின் ஒரு கூட்டம், அந்தப் பண்ணை ஆட்களோடு இணக்கமாக, பண்ணைக் குடிசைகளின் அருகிலேயே தங்கியிருந்தது. ஜூன் 10 அன்று 12 பேர் குதிரைகளில் ஆயுதங்களோடு வந்தார்கள். முதியவர்களும் பெண்களும் குழந்தைகளுமாக ஏறத்தாழ 28 பேரை ஒரே கயிற்றில் பிணைத்துச் சற்றுத் தொலைவுக்கு இழுத்துப்போய் வாளால் வெட்டினார்கள். பிறகு உடல்களை எரித்தார்கள். பண்ணைக் குடிசையைக் கவனித்துவந்த ஜார்ஜ் ஆண்டர்சன் என்ற கைதி, அந்தச் செயலில் சேர மறுத்ததோடு நீதிமன்றத்தில் சாட்சியும் சொன்னார். நடந்ததைக் கண்ட பூர்வகுடி ஒருவரும் இருந்தார். ஆனால் கிறிஸ்தவ முறைப்படி சத்தியம் செய்ய முடியாதவர் என்று சொல்லிப் பூர்வகுடிகளின் சாட்சியத்தை அன்றைய நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. கண்ணால் கண்டவருக்கு அங்கே வாய் இல்லை. முதல் விசாரணையில், பிடிபட்ட 11 பேரையும் ஜூரிகள் சில நிமிடங்களில் விடுவித்தார்கள். ஆளுநர் கிப்ஸும் அரசு வழக்கறிஞர் பிளங்கெட்டும் விடவில்லை. இரண்டாவது விசாரணையில் ஏழு பேருக்குத் தூக்கு விதிக்கப்பட்டு, டிசம்பரில் நிறைவேற்றப்பட்டது. அவர்களைக் கூட்டிவந்த நிலக்கிழார் மகன் ஜான் ஃபிளெமிங் பிடிபடவே இல்லை.

பூர்வகுடிகளைக் கொன்ற வெள்ளையர்களுக்கு இப்படித் தண்டனை கிடைத்தது மிகமிக அரிது. தூக்குத் தண்டனையால் கொலைகள் நிற்கவில்லை. கொலைகளைப் பற்றிய பேச்சுத்தான் நின்றது. வெளியே சொல்லக் கூடாது என்பதைக் குடியேறிகள் அதிலிருந்து கற்றுக்கொண்டார்கள். வரலாற்றாசிரியர் லிண்டல் ரயன் தலைமையில் நியூகாசில் பல்கலைக்கழகம் 1788 முதல் 1930 வரையிலான படுகொலைகளுக்கு ஒரு வரைபடம் தயாரித்தது. தற்காத்துக்கொள்ள முடியாத நிலையில் ஆறு பேருக்குக் குறையாமல் கொல்லப்பட்ட இடங்களை மட்டும் கணக்கில் எடுத்தும், நானூறுக்கும் மேற்பட்ட இடங்கள் அதில் இடம்பெற்றிருக்கின்றன. 1928-ல்கூட, வட ஆட்புலத்தின் கோனிஸ்டன் பகுதியில் காவலர் ஒருவர் தலைமையில் சென்ற கூட்டம் வால்பிரி மக்களையும் அண்டைக் குடியினரையும் வாரக்கணக்கில் சுட்டுக் கொன்றது. அரசுக் கணக்கு 31 பேர். பூர்வகுடிகள் சொல்லும் கணக்கு அதைவிட மிக அதிகம். விசாரித்த குழு, சுட்டது நியாயம் என்று எழுதி முடித்தது.

துப்பாக்கி ஓய்ந்த இடங்களில் சட்டம் வந்தது. விக்டோரியா 1869-லும் மற்ற மாநிலங்கள் அடுத்தடுத்தும் 'பாதுகாப்பு' என்ற பெயரில் சட்டங்கள் இயற்றின. பூர்வகுடிகள் எங்கே வாழலாம், யாரை மணக்கலாம், கூலியை யார் வைத்துக்கொள்வது என்பதையெல்லாம் அதிகாரிகள் முடிவு செய்தார்கள். அவற்றில் மிகக் கொடியது குழந்தைகளைப் பறிக்கும் அதிகாரம். கலப்பினக் குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து வெள்ளையர் சமூகத்தில் கரைத்துவிட வேண்டும் என்பது கொள்கை. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1915 முதல் 1940 வரை தலைமைப் பாதுகாவலராக இருந்த ஏ. ஓ. நெவில், இந்த நாட்டில் பூர்வகுடிகள் என்று ஒரு மக்கள் இருந்ததையே மறந்துவிடும் காலத்தைத் தன் குறிக்கோளாக 1937-ல் ஒரு மாநாட்டில் வெளிப்படையாகவே சொன்னார். நியூ சவுத் வேல்ஸின் கின்சேலா சிறுவர் இல்லத்தில் பிள்ளைகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். தாய்மொழியில் பேசினால் அடி. பறிக்கப்பட்டவர்கள் வளர்ந்ததும், பெண்பிள்ளைகள் வீட்டு வேலைக்கும் ஆண்பிள்ளைகள் பண்ணை வேலைக்கும் அனுப்பப்பட்டார்கள். பெற்றோர் இறந்துவிட்டதாகவோ கைவிட்டுவிட்டதாகவோ பலரிடம் சொல்லப்பட்டது.

தெற்கு ஆஸ்திரேலியாவின் புரூஸ் டிரவோரோ கதை நீதிமன்ற ஆவணமாகவே இருக்கிறது. 1957 கிறிஸ்துமஸ் நாளில், 13 மாதக் குழந்தையாக இருந்தபோது, வயிற்று நோய்க்காக அடிலெய்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். குழந்தை தேறியதும் அதிகாரிகள் பெற்றோரிடம் கேட்காமலேயே ஒரு வெள்ளைக் குடும்பத்திடம் கொடுத்துவிட்டார்கள். பிள்ளை எப்போது வீடு திரும்பும் என்று தாய் கடிதம் எழுதினார். சிகிச்சை இன்னும் முடியவில்லை என்று பதில் வந்தது. சுமார் பத்து வயதில்தான் மகன் தாயை மறுபடி பார்த்தான். அதற்குள் இருவருக்கும் இடையே ஒட்டாத ஒரு வெறுமை விழுந்துவிட்டது. வாழ்நாள் முழுதும் மனநோயிலும் குடியிலும் உழன்ற அவருக்கு 2007 ஆகஸ்டில் 5,25,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பானது. இப்படிப் பறிக்கப்பட்டவர்களைக் குறிக்கும் 'திருடப்பட்ட தலைமுறைகளை'ச் சேர்ந்த ஒருவருக்கு நீதிமன்றம் இழப்பீடு வழங்கியது அதுவே முதல்முறை. மறு ஆண்டே அவர் இறந்துவிட்டார்.

இவ்வளவு நடந்தும் நெடுங்காலம் பள்ளிப் பாடங்களில் இதற்கு ஏறத்தாழ இடமே இருக்கவில்லை. மானிடவியலாளர் ஸ்டானர் 1968-ல் நிகழ்த்திய வானொலி உரைகளில் இதை ஆஸ்திரேலியாவின் மாபெரும் மௌனம் என்று குறிப்பிட்டார். மறதியைப் போலத் தோன்றும் அது, நிலப்பரப்பின் ஒரு பகுதியே தெரியாதபடி கவனமாக வைக்கப்பட்ட சன்னல் போன்றது என்பது அவர் கருத்து. அந்த மௌனத்தை முதலில் உடைத்தவர்கள் பூர்வகுடிகளே. பிரிக்கப்பட்ட பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்த்துவைக்க 1980-ல் 'லிங்க்-அப்' என்ற அமைப்பு தொடங்கியது. 1991-ல் முடிந்த காவல் மரணங்கள் பற்றிய ஆணையம் 99 பூர்வகுடிகளின் சாவை ஆராய்ந்தபோது, அவர்களில் 43 பேர் சிறுவயதில் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டவர்கள் என்று தெரியவந்தது. பழைய காயம் அடுத்த தலைமுறையின் சிறைக் கதவு வரை வந்து நின்றதை அந்த ஓர் எண் காட்டிக்கொடுத்தது.

பறிக்கப்பட்ட குழந்தைகள் பற்றிய தேசிய விசாரணை 1995-ல் தொடங்கியது. முன்னாள் நீதிபதி ரொனால்ட் வில்சனும் பூர்வகுடித் தலைவர் மிக் டாட்சனும் நாடெங்கும் சென்று 535 பூர்வகுடிகளின் கதைகளைத் திரட்டினார்கள். 1997 மே 26 அன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கை, 1910 முதல் 1970 வரை பத்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரையிலான பூர்வகுடிக் குழந்தைகள் வலுக்கட்டாயமாகப் பிரிக்கப்பட்டதாகச் சொன்னது. அதை இனப்படுகொலை என்றும் குறிப்பிட்டு, 54 பரிந்துரைகளை முன்வைத்தது. மன்னிப்புக் கேட்பது அவற்றில் ஒன்று. அன்றைய பிரதமர் ஜான் ஹோவர்ட் மறுத்தார். முன்னோர் செய்த தவறுக்கு இன்றுள்ளவர்கள் பொறுப்பாக முடியாது என்றார். மக்கள் காத்திருக்கவில்லை. 2000 மே 28 அன்று ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் நல்லிணக்கம் வேண்டி சிட்னித் துறைமுகப் பாலத்தின் மேல் நடந்தார்கள். அரசின் மன்னிப்பு 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் வாயிலிருந்து வந்தது. பறிக்கப்பட்ட பிள்ளைகள் பலர் நரைத்த தலையோடு நாடாளுமன்ற மாடத்தில் அமர்ந்து அதைக் கேட்டார்கள். அந்த மன்னிப்போடு இழப்பீடு எதையும் மத்திய அரசு சேர்க்கவில்லை.

மன்னிப்பு ஒரு நாளில் முடியும். புண் ஆறுவதற்குத் தலைமுறைகள் வேண்டும். பூர்வகுடிகள் 'ஆறுதல்' என்று சொல்லும்போது மனநல மருத்துவத்தை மட்டும் குறிப்பதில்லை. மண், மொழி, உறவு ஆகிய மூன்றோடும் அறுந்த தொடர்பு மறுபடி பொருந்துவதே அவர்களுக்கு ஆறுதல். டேலி ஆற்றுப் பகுதியின் மூத்தவர் மிரியம் ரோஸ் உங்குன்மெர் விளக்கும் 'தடிர்ரி' என்ற சொல், பேசாமல், அவசரப்படாமல், உள்ளுக்குள் ஊன்றிக் கேட்பதைக் குறிக்கிறது. உண்மை உரைத்தலில் சொல்கிறவருக்கு இருக்கும் அதே பொறுப்பு கேட்கிறவருக்கும் உண்டு என்பது இதன் பொருள். இறந்தவர்களும் வீடு திரும்ப வேண்டும். டாஸ்மேனியாவின் பூர்வகுடிப் பெண் ட்ருகனினி, 1876-ல் இறப்பதற்கு முன், தன் உடலை அறுத்துவிடுவார்களோ என்று அஞ்சியிருந்தார். அவருடைய எலும்புக்கூடு 1947 வரை ஹோபார்ட் அருங்காட்சியகத்தில் காட்சிப்பொருளாக நின்றது. நூறாண்டு கழித்து, 1976-ல்தான் எரியூட்டப்பட்டுச் சாம்பல் அவருடைய கடலில் கரைந்தது.

இந்த ஆறுதல் எப்படி இருக்கும் என்பதை மயால் கிரீக்கில் காணலாம். 2000 ஜூன் 10 அன்று அங்கே நினைவிடம் திறக்கப்பட்டது. கொல்லப்பட்டவர்களின் வழியினரும் கொன்றவர்களின் வழியினரும் ஒன்றாக நின்றார்கள். ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். வளைந்து செல்லும் பாதையோரக் கற்களில் அந்தக் கதை விராயராய் மக்களின் கமிலராய் மொழியிலும் ஆங்கிலத்திலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆண்டுதோறும் ஜூனில் இரு தரப்பாரும் அங்கே கூடுகிறார்கள். 1838-ன் தூக்குமேடை தராத ஒன்றை அந்தப் பாதை தந்திருக்கிறது.

2017-ல் மத்திய ஆஸ்திரேலியாவின் உலுருவில் கூடிய பூர்வகுடிப் பிரதிநிதிகள் நாட்டு மக்களிடம் மூன்றைக் கேட்டார்கள்: அரசியல் சட்டத்தில் தங்களுக்கு ஒரு குரல், ஒப்பந்தம், உண்மை. 2023 அக்டோபர் 14 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் 'குரல்' கோரிக்கையை ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள். குயின்ஸ்லாந்தில் தொடங்கியிருந்த உண்மை விசாரணையை 2024-ல் புதிதாக வந்த அரசு கலைத்தது. தங்கள் கதைகளைச் சொல்லத் தயாராகியிருந்த முதியவர்களின் வாயை நடுவழியில் மூடிய செயல் அது.

விக்டோரியா மட்டும் தொடர்ந்து நடந்தது. 2021-ல் அங்கே அமைந்த நீதி ஆணையத்துக்கு 'யூருக்' என்று பெயர். வெம்பா வெம்பா மொழியில் 'உண்மை'. பூர்வகுடி மூத்தவரான பேராசிரியர் எலினார் பர்க் தலைமை தாங்கினார். அரசு ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் அமைச்சர்களை அழைத்து விசாரிக்கவும் அதற்கு அதிகாரம் இருந்தது. காவல்துறைத் தலைவரும் முதல்வர் ஜசிந்தா ஆலனும் அதன் முன் அமர்ந்து பதில் சொன்னார்கள். 2025 ஜூலையில் வெளியான இறுதி அறிக்கை, 1834-ல் 60,000-ஆக இருந்த அந்த மாநிலப் பூர்வகுடிகள் 1851-க்குள் 15,000-ஆகக் குறைந்ததைக் காட்டி, நடந்தது இனப்படுகொலையே என்று பதிவு செய்தது. அறிக்கைக்கு முன், ஆணையர் டிராவிஸ் லவெட் கடற்கரை ஊரான போர்ட்லாண்டிலிருந்து மெல்பர்ன் நாடாளுமன்றம் வரை ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நடந்தார். ஆயிரக்கணக்கானோர் வழியில் சேர்ந்து நடந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் விக்டோரியா அரசு பூர்வகுடிகளோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. ஆஸ்திரேலியாவில் ஒரு மாநில அரசு இப்படி ஓர் ஒப்பந்தத்தில் இறங்கியது அதுவே முதல்முறை.

பூர்வகுடிக் குழந்தைகளின் பாதுகாப்பைப் பூர்வகுடிகளிடமே ஒப்படைக்க வேண்டும் என்பது யூருக் 2023-லேயே சொன்ன முக்கியப் பரிந்துரை. 1997-ல் தேசிய விசாரணை அறிக்கை வெளியானபோது, குடும்பத்துக்கு வெளியே அரசுப் பராமரிப்பில் இருந்த ஆஸ்திரேலியக் குழந்தைகளில் ஐந்தில் ஒன்று பூர்வகுடிக் குழந்தை. மன்னிப்புக் கேட்டு பதினைந்து ஆண்டுகளுக்கு மேலான பின்பு அது ஐந்தில் இரண்டுக்கும் மேல்.