14:50 என்றால் 4.50 அல்ல

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் நடந்தது இது. தைப்பிங்கில் தனியாக இருக்கும் என் அம்மாவைப் பார்க்க நானும் ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் மகளும் கிளம்பினோம். கேஎல் சென்ட்ரலிலிருந்து இடிஎஸ் ரயிலில் போக இரண்டு வாரங்களுக்கு முன்பே டிக்கெட் எடுத்துவிட்டேன். அன்றே அம்மாவை அழைத்து, "சாயங்காலம் ஆறே காலுக்கு வந்துடுவோம்" என்றும் சொல்லிவிட்டேன்.

புறப்படும் நாள் காலையில் வீட்டில் ஆயிரம் வேலை. துணி மடித்துக்கொண்டே, "எத்தனை மணிக்கு வண்டின்னு பாரும்மா" என்று கைப்பேசியை மகளிடம் நீட்டினேன். பார்த்துவிட்டு, "நாலு அம்பதும்மா" என்றாள்.

நிதானமாகச் சமைத்து, சாப்பிட்டு, பாட்டிக்குப் பிடித்த முறுக்கும் வாங்கிக்கொண்டு நிலையத்துக்குள் நுழைந்தபோது மணி 4.10. டிக்கெட்டைப் பார்த்த பணியாளர், வண்டி பிற்பகல் 2.50-க்கே போய்விட்டது என்றார். டிக்கெட்டில் இருந்தது 14:50. அதில் 4-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு என் மகள் 4.50 என்று படித்திருக்கிறாள். நானும் திரும்பப் பார்க்கவில்லை.

அடுத்த ரயிலில் இடம் இல்லை. அம்மாவை அழைத்தால் எடுக்கவில்லை. மத்தியானமே கோயிலுக்குப் போய், அங்கிருந்து நேரே ரயில் நிலையத்துக்குப் போய்விட்டார். வழக்கம்போல் கைப்பேசி வீட்டில். பக்கத்து வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து, நிலையத்துக்குப் போய் அம்மாவை அழைத்து வந்தபோது இரவு மணி 8. நாங்கள் விரைவுப் பேருந்து பிடித்துக் கமுந்திங்கில் இறங்கியபோது மணி 11 தாண்டிவிட்டது.

அம்மா திட்டவில்லை. "வண்டி வந்துச்சு. எல்லாரும் இறங்கினாங்க. உங்க ரெண்டு பேரை மட்டும் காணோம். என்னென்னமோ நினைச்சுட்டேன்" என்றார். அதைக் கேட்டு என் மகள் அழுதாள்.

நூற்றுக்கு 92

அந்த ஆண்டு கணிதச் சோதனையில் அவள் எடுத்தது 92. 'காலமும் நேரமும்' பாடத்தில் எல்லாம் சரி. 14:50-ஐ 12 மணி முறைமைக்கு மாற்று என்று கேட்டிருந்தால் சரியாக எழுதியிருப்பாள். ஆனால் அது கேள்வித்தாளில் வந்த கேள்வி அல்ல. அம்மா அவசரமாகக் கேட்டது. பாடம் ஒரு பக்கம், பயணம் ஒரு பக்கம் என்று இருந்துவிட்டது.

தவறு அவளுடையது மட்டுமல்ல. ஆறே காலுக்குத் தைப்பிங் என்று அம்மாவிடம் சொன்னவள் நான். 4.50-க்குக் கிளம்பும் வண்டி ஒன்றரை மணி நேரத்துக்குள் தைப்பிங் போய்விடுமா என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். நான் யோசிக்கவில்லை. எப்போது கிளம்ப வேண்டும், எப்போது போய்ச் சேருவோம் என்பதையெல்லாம் செயலி சொல்லிச் சொல்லி, கேட்கும் பழக்கமே எனக்கு விட்டுப்போயிருந்தது.

என் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். நாட்டின் முதல் ரயில் பாதை 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குத்தான் போடப்பட்டது என்று பெருமையாகச் சொல்வார். போர்ட் வெல்ட்தான் இன்றைய கோலா செப்பெத்தாங். எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவில் ரயில் அட்டவணை ஒட்டியிருக்கும். "இந்த வண்டியை விட்டா அடுத்தது எது?" என்று சாப்பிடும்போதே கேட்பார். அப்பா செய்ததை நானும் செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. கேடிஎம் அட்டவணையை அச்செடுத்து எங்கள் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினேன்.

வீட்டில் செய்து பார்த்தவை

முதலில், அட்டவணையைப் படிப்பது. ஒரு பக்கம் நிலையங்களின் பெயர்கள், மறுபக்கம் வண்டிகள். ஒரு வண்டியின் வரிசையில் விரலை வைத்து, விலகாமல் கடைசி நிலையம் வரை போக வேண்டும். பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். கண் பக்கத்து வண்டிக்குத் தாவிவிடுகிறது. ஒரு அடிக்கோல் வைத்துக்கொண்டால் போதும். வார நாள் அட்டவணையா, வார இறுதி அட்டவணையா என்று தலைப்பைப் பார்க்கவும் பழக்கினேன்.

இரண்டாவது, 24 மணி முறைமை. 12-க்கு மேல் இருந்தால் 12-ஐக் கழி, 10-ஐ அல்ல. 14 என்றால் 2. 16 என்றால் 4. 18 என்றால் 6. ஒரு மாதம் எங்கள் வீட்டில் எல்லாமே இந்த முறைமையில்தான். "19:30-க்குச் சாப்பாடு, 21:30-க்குத் தூக்கம்." அவளுடைய தம்பிகூட விளையாட்டாகக் கற்றுக்கொண்டான்.

மூன்றாவது, பயண நேரம். தவறவிட்ட அதே வண்டியையே கணக்காகக் கொடுத்தேன். 14:50-க்குப் புறப்படுகிறது, 3 மணி 25 நிமிடப் பயணம், எப்போது போய்ச் சேரும்? கால்குலேட்டரை எடுத்து 14.50-உடன் 3.25-ஐக் கூட்டினாள். 17.75 வந்தது. அப்படி ஒரு மணியே கிடையாதே என்று விழித்தாள். மணிக்கு 60 நிமிடம், கால்குலேட்டருக்கோ 100. இதை அவளே கண்டுபிடிக்கும் வரை நான் வாய் திறக்கவில்லை.

பிறகு தாளில் ஒரு கோடு போட்டோம். 14:50-லிருந்து 15:00-க்கு ஒரு தாவல், 10 நிமிடம். அங்கிருந்து 18:00-க்கு ஒரு பெரிய தாவல், 3 மணி. மீதம் 15 நிமிடம். ஆக 18:15, மாலை மணி 6.15. முதலில் முழு மணிக்குத் தாவு, பிறகு மணிகளைத் தாவு, கடைசியில் மீத நிமிடங்கள். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கைவிட இதில் தவறு குறைவு. புறப்படும் நேரமும் சேரும் நேரமும் தெரிந்து, பயண நேரத்தைக் கண்டுபிடிக்கவும் இதே கோடுதான்.

நான்காவது, பின்னோக்கிக் கணக்கிடுவது. அட்டவணை சொல்வது ரயிலின் நேரத்தை மட்டுமே. நம் வீட்டிலிருந்து நிலையம் வரை ஆகும் நேரம் அதில் இல்லை. வண்டி காலை 9:30 என்றால், அரை மணி முன்னதாக 9:00-க்கு நிலையத்தில் இருக்க வேண்டும். எல்ஆர்டி 25 நிமிடம்: 8:35. எல்ஆர்டிக்குக் காத்திருக்க 5 நிமிடம்: 8:30. நடை 10 நிமிடம்: 8:20. "தம்பி காலணியைத் தேடுறதுக்கு 15 நிமிஷம்மா" என்றாள் மகள். அப்படியானால் 8:05. எந்தச் செயலிக்கும் தெரியாத கணக்கு அது!

பயிற்சிக்குக் கொமுட்டர் ரயிலில் பத்துமலைக்குப் போனோம். எந்த வண்டியில் போவது, எதில் திரும்புவது, நடுவில் படியேற எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அவள் முடிவு. திரும்பும்போது ஒரு வண்டியை மூன்று நிமிடத்தில் தவறவிட்டோம். தோசைக்கு நேரம் ஒதுக்க மறந்துவிட்டாள். நான் எதுவும் சொல்லவில்லை. அட்டவணையைப் பார்த்து, "அடுத்ததுக்கு உட்கார்ந்திருக்கலாம்மா" என்றாள். இப்படித் தவறவிட இதைவிட நல்ல இடம் கிடையாது. யாரும் எங்களுக்காக எங்கேயும் காத்திருக்கவில்லை.

கடிகாரமும் மாறும்

இது பழகியபின் சென்னைக்குப் போகும் விமானத்தை எடுத்தோம். காலை 9:00-க்குக் கோலாலம்பூரில் புறப்பட்டு 10:30-க்குச் சென்னையில் இறங்குகிறது என்று டிக்கெட்டில் இருந்தால் பயணம் ஒன்றரை மணியா? இந்திய நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்னே. உண்மையில் 4 மணி நேரம். திரும்பும்போது 11:30-க்கு ஏறி 18:00-க்கு இறங்கினால் ஆறரை மணி போலத் தெரியும். அதுவும் அதே 4 மணிதான். பாடாங் பெசாரிலிருந்து தாய்லாந்துக்கு ரயில் ஏறுபவர்களும் கவனிக்க வேண்டும். அந்நாட்டு நேரம் நம்முடையதைவிட ஒரு மணி பின்னே.

நம் கடிகாரமே ஒருமுறை மாறியிருக்கிறது. 1982 ஜனவரி 1 முதல், சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்க, தீபகற்பத்தின் நேரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டது. சிங்கப்பூரும் அப்போதே மாற்றிக்கொண்டது. "அப்போ அந்த அரை மணி எங்கம்மா போச்சு?" என்று மகள் இன்னமும் கேட்கிறாள்.

உங்கள் வீட்டிலும் அடுத்த பயணத்தின் ஒரு சிறு பகுதியையாவது பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். புதிய அட்டவணையா என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அவை அவ்வப்போது மாறும். பிள்ளை சொல்லும் விடையை உடனே திருத்தாமல், "நம்பற மாதிரி இருக்கா?" என்று மட்டும் கேளுங்கள். அன்று காலை நான் கேட்கத் தவறிய கேள்வி அது.

போன மாதம் மீண்டும் தைப்பிங் போனோம். அதே 14:50 வண்டி. அம்மாவை இந்த முறை அழைத்துச் சொன்னது என் மகள். "பாட்டி, மணி 6.15-க்கு வருவோம். நீங்க 6 மணிக்கு வந்தா போதும். போனை எடுத்துக்கிட்டு வாங்க."

இறங்கியதும் அம்மா கைப்பேசியைத் தூக்கிக் காட்டினார். எப்போது வந்தாராம்? ஐந்து மணிக்கே.