ஸ்லாட்டை மாற்றினால் கணினிக் கோளாறு தீருமா?

கணினியில் சவுண்ட் கார்டு பொருத்துகிறீர்கள். பாட்டு கரகரக்கிறது. அதே கார்டைக் கழற்றிப் பக்கத்து ஸ்லாட்டில் செருகினால் சரியாகிவிடுகிறது!

பழைய கணினி வைத்திருந்தவர்களுக்கு இது பழகிப்போன கதை. கார்டும் அதேதான், கணினியும் அதேதான். அப்புறம் என்ன மாறியது?

கார்டு எப்படிக் கூப்பிடும்?

கணினியின் மூளையான பிராசசர் எப்போதும் ஏதாவது வேலையில் இருக்கும். கார்டுக்கு அதன் கவனம் தேவைப்பட்டால் ஒரு சமிக்ஞை அனுப்பும். அதற்குப் பெயர் இன்டரப்ட். உணவகத்தில் மேசை மணியை அடித்துப் பரிமாறுபவரைக் கூப்பிடுவது போலத்தான். எந்த மணி அடித்தது என்பதைச் சொல்லும் எண்ணே ஐஆர்கியூ.

15 எண்களுக்குப் போட்டி

1981இல் வந்த ஐபிஎம் பிசியில் இத்தகைய எண்கள் எட்டுதான். 1984இல் வந்த பிசி ஏடியில் 16 ஆனது. அவற்றில் ஒன்று இரண்டு கட்டுப்பாட்டுச் சில்லுகளை இணைக்கவே போய்விட்டது. மிச்சம் 15. கடிகாரம், விசைப்பலகை, வன்தட்டு என ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எண்ணை எடுத்துக்கொண்டது.

அக்கால ஐஎஸ்ஏ கார்டுகளுக்குப் பொதுவாக எண்ணைப் பகிர்ந்துகொள்ளத் தெரியாது. இரண்டு கார்டுகளுக்கு ஒரே எண் கிடைத்தால் சிக்கல்தான். கார்டில் இருக்கும் சின்னஞ்சிறு ஜம்பரைக் கையால் மாற்றி வைக்க வேண்டியிருந்தது.

நான்கு கம்பிகள், பல ஸ்லாட்டுகள்

1992இல் அறிமுகமான பிசிஐ, பகிர்வதை அனுமதித்தது. ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் ஏ, பி, சி, டி என நான்கு இன்டரப்ட் கம்பிகள்.

ஆனால் பெரும்பாலான கார்டுகள் ஏ கம்பியை மட்டுமே பயன்படுத்தும். எல்லாரும் ஒரே மணியை அடித்தால் என்ன ஆகும்? அதனால் மதர்போர்டு தயாரிப்பாளர்கள் கம்பிகளைச் சுழற்றி இணைத்தார்கள். முதல் ஸ்லாட்டின் ஏ முதல் தடத்துக்குப் போகும், அடுத்த ஸ்லாட்டின் ஏ இரண்டாம் தடத்துக்குப் போகும். ஐந்தாவது ஸ்லாட் வந்தால் மறுபடி முதல் தடம்தான்.

ஒரே தடத்தில் இருவர் இருந்தால், மணி அடித்ததும் கணினி ஒவ்வொரு சாதனத்தின் டிரைவர் மென்பொருளையும் விசாரிக்கும்: "கூப்பிட்டது உங்கள் ஆளா?" ஒரு டிரைவர் பதில் சொல்லத் தாமதித்தால் அடுத்தது காத்திருக்க வேண்டும். அந்தத் தாமதம்தான் சவுண்ட் கார்டில் கரகரப்பாகக் கேட்கலாம்.

இப்போது புரிகிறதா? ஸ்லாட்டை மாற்றும்போது உங்கள் கார்டுக்குத் தடம் மாறுகிறது. கூடவே பங்காளியும் மாறுகிறார்!

கம்பிக்குப் பதில் தகவல்

இன்றைய பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் அந்த நான்கு கம்பிகளே இல்லை. கார்டு, குறிப்பிட்ட முகவரிக்கு ஒரு சிறு தகவலை எழுதி அனுப்புகிறது. இந்த முறைக்குப் பெயர் எம்எஸ்ஐ. இதன் அடுத்த வடிவமான எம்எஸ்ஐ-எக்ஸில் ஒரே சாதனம் 2,048 இன்டரப்டுகள் வரை வைத்துக்கொள்ளலாம். பகிர வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

புதுக் கார்டு வாங்கக் கிளம்புவதற்கு முன் இவற்றைப் பாருங்கள்:

- விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, வியூ பட்டியலில் 'ரிசோர்சஸ் பை டைப்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஐஆர்கியூ எண்கள் தெரியும்.

- எண்ணுக்கு முன் கழித்தல் குறி இருந்தால் அந்தச் சாதனம் எம்எஸ்ஐ முறையில் இயங்குகிறது.

- இரண்டு சாதனங்களுக்கு ஒரே எண் இருந்தாலே கோளாறு என்று நினைக்க வேண்டாம். பிசிஐயில் பகிர்வது இயல்பு. முதலில் டிரைவரைப் புதுப்பித்துப் பாருங்கள்.

- பழைய பிசிஐ கார்டு தொடர்ந்து தொல்லை கொடுத்தால் ஸ்லாட்டை மாற்றிப் பார்க்கலாம். மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிய பிறகே கை வையுங்கள்.

- புதிய கணினியிலும் ஸ்லாட்டை மாற்றுவது சில நேரம் பலன் தரும். ஆனால் காரணம் வேறாக இருக்கலாம்: சில மதர்போர்டுகளில் ஒரு ஸ்லாட்டும் எஸ்எஸ்டியும் ஒரே தரவுப் பாதையைப் பங்கு போடும். அது மதர்போர்டுக் கையேட்டில் இருக்கும்.