ஓர் இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறுவது எப்படி? பெர்ல் மொழியின் 'ரெஃபரன்ஸ்' ரகசியம்!

ஊழியர் ஒருவரின் போன் நம்பர் மாறிவிட்டது. அலுவலக சாஃப்ட்வேரில் அவருடைய விவரம் டீம் பட்டியலிலும் இருக்கு, நைட் ஷிஃப்ட் பட்டியலிலும் இருக்கு. ஒன்றில் திருத்திவிட்டு மற்றொன்றை மறந்தால் என்ன ஆகும்? அவசரத்துக்குக் கூப்பிடும்போது பழைய நம்பருக்குத்தான் போன் போகும். இந்தச் சிக்கலுக்கு பெர்ல் மொழி வைத்திருக்கும் தீர்வுதான் 'ரெஃபரன்ஸ்'.

இது ஏன் தேவைப்பட்டது?

லாரி வால் 1987-ல் வெளியிட்ட ஸ்கிரிப்டிங் மொழி பெர்ல். இதில் 'அர்ரே' என்பது வரிசைப் பட்டியல். 'ஹாஷ்' என்பது பெயரைச் சொன்னால் மதிப்பைத் தரும் அகராதி மாதிரி. இரண்டிலுமே ஒரு கட்டத்துக்கு ஒரு மதிப்புதான். ஓர் அர்ரேவை இன்னொன்றுக்குள் அப்படியே போட்டால், அது தனிப் பட்டியலாக நிற்காது. எல்லாம் கலந்து ஒரே நீளமான பட்டியலாகிவிடும்.

1994-ல் வந்த பெர்ல் 5 இதற்கு வழி சொன்னது. பட்டியலை உள்ளே திணிக்க வேண்டாம், அது மெமரியில் இருக்கும் இடத்தின் முகவரியை மட்டும் வைத்தால் போதும். அந்த முகவரிதான் ரெஃபரன்ஸ். அர்ரே அல்லது ஹாஷின் பெயருக்கு முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் போட்டால் அது கிடைத்துவிடும்.

இனி ஊழியர் விவரம் ஒரே ஒரு ஹாஷில் இருக்கும். இரண்டு பட்டியல்களும் அதன் முகவரியை மட்டும் வைத்திருக்கும். நம்பரை ஒருமுறை திருத்தினால் போதும், இரண்டிலும் புதுசுதான் தெரியும்.

அப்போ ஆபத்தே இல்லையா?

இருக்கு. சோதனைக்காக டீம் பட்டியலை காப்பி எடுத்து, அதில் ஒரு நம்பரை மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அசல் விவரமும் சேர்ந்தே மாறிவிடும்! காரணம், காப்பி ஆனது முகவரிகள் மட்டும்தான். எர்ரர் எதுவும் வராது என்பதால் கண்டுபிடிப்பதும் கஷ்டம். உள்ளே இருப்பதையும் சேர்த்துப் பிரதியெடுக்க, 'ஸ்டோரபிள்' மாட்யூலில் உள்ள 'டிகுளோன்' உதவும். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இன்னொரு சிக்கல் மெமரி. ஒரு டேட்டாவை யாருமே சுட்டாதபோதுதான் பெர்ல் அதன் இடத்தைக் காலி செய்யும். டீம் ஊழியரைச் சுட்ட, ஊழியர் விவரம் டீமைச் சுட்டினால், வேலை முடிந்த பிறகும் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மெமரியிலேயே கிடக்கும். நாள்கணக்கில் ஓடும் சர்வரில் இது கொஞ்சம் கொஞ்சமாக மெமரியைத் தின்றுவிடும். இரண்டில் ஒரு இணைப்பை 'வீக்கன்' மூலம் பலவீனமாக்கினால் பிரச்னை தீரும்.

ஆக, காப்பி எடுத்த டேட்டாவில் கைவைக்கும் முன் ஒன்றை மட்டும் பாருங்கள்: கையில் இருப்பது டேட்டாவா, இல்லை அதன் முகவரியா?