உங்கள் காருக்குள் ஒரு கம்ப்யூட்டர்: ட்ராக் டேக்குத் தயாராவோமா?

கம்ப்யூட்டர் இதழில் காருக்கு என்ன வேலை என்று எண்ண வேண்டாம். இன்றைய கார் ஒவ்வொன்றிலும் இ.சி.யு. என்ற சிறு கம்ப்யூட்டர் இயங்குகிறது. எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது, எந்த நொடியில் ஸ்பார்க் தருவது என்பதை அதுதான் முடிவு செய்கிறது. அது தரும் தகவல்களை நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் திறந்து பார்க்க முடியும்.

எனக்கு விழுப்புரம், நண்பருக்குத் திண்டிவனம். இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 40 கி.மீ. நான்கு வழிச் சாலை. காரில் ஏதேனும் மாற்றம் செய்தவர்கள் பலர் அதிகாலையில் இங்கேதான் வேகம் பார்க்கிறார்கள். எதிர்த் திசையில் பைக் வரும், குறுக்கே மாடு வரும், டவுன் பஸ் நின்றிருக்கும். திண்டிவனத்திலிருந்து செங்கல்பட்டு, ஒரகடம் வழியாக சுமார் 100 கி.மீ. சென்றால், 1990ல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக் இருக்கிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்குச் சொந்தமானது. ஒரு சுற்று 3.717 கி.மீ. அங்கே சில நாட்களில் ட்ராக் டே நடக்கும். இது போட்டி அல்ல. கட்டணம் செலுத்தி, ஹெல்மெட் அணிந்து, சொந்தக் காரைச் சில சுற்றுகள் ஓட்டிப் பார்க்கலாம். எதிரே வண்டி வராது. ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும்.

காரை மாற்றுவது என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது ரீமேப். இ.சி.யு.வில் உள்ள சாப்ட்வேரைத் திருத்தி எழுதுவதுதான் இது. ப்ராசசரை ஓவர்கிளாக் செய்வது போல என்று வைத்துக் கொள்ளுங்கள். வேகம் கூடும், கூடவே சூடும் கூடும். டர்போ உள்ள இன்ஜினில் பலன் நன்றாகத் தெரியும். டர்போ இல்லாத சிறிய பெட்ரோல் காரில் கொடுத்த பணத்துக்குப் பலன் குறைவு. செய்தே தீருவேன் என்றால், முதலில் ஒரிஜினல் பைலை பேக்கப் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். எழுதும்போது பேட்டரி இறங்கினால் இ.சி.யு. முடங்கிப் போகலாம்.

என் கருத்தில் பணத்தை முதலில் பிரேக்கில் போட வேண்டும். 1000 கிலோ கார் 120 கி.மீ. வேகத்திலிருந்து 60க்கு வரும்போது சுமார் 4.17 லட்சம் ஜூல் ஆற்றல் பெரும்பாலும் பிரேக்கில் வெப்பமாகிறது. 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 7 நிமிடம் எரிந்தால் வரும் வெப்பம் அது! நான்கைந்து நொடியில், ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் இந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்தால் குமிழி உண்டாகி, பெடல் தரை வரை போகும், கார் நிற்காது. எனவே போவதற்கு முன் புது ஆயில் மாற்றுங்கள், பேடின் கனத்தைப் பாருங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் இறக்கி விடுங்கள்.

இனி நம் கம்ப்யூட்டர் வேலை. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். இ.எல்.எம். 327 எனப்படும் புளூடூத் அடாப்டர் சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கிறது. அதைச் செருகி, மொபைலில் டார்க் போன்ற ஒரு அப்ளிகேஷனை இணையுங்கள். இன்ஜின் சுழற்சி, வேகம், த்ராட்டில், கூலன்ட் வெப்பம் ஆகிய நான்கை மட்டும் தேர்ந்தெடுங்கள். அதிகம் கேட்டால் பதிவு மெதுவாகும். பதிவைத் தொடங்கியதும் மொபைலை டேஷ்போர்டு பெட்டியில் வைத்து மூடிவிடுங்கள். ஓட்டும்போது பார்க்கவே கூடாது.

வீட்டுக்கு வந்து சி.எஸ்.வி. பைலை எக்ஸெலிலோ இலவசமான லிப்ரே ஆபீஸ் கால்க்கிலோ திறந்து சார்ட் போடுங்கள். ஒரு சுற்றுக்கு 150 நொடி ஆனது என்று வைத்துக் கொள்வோம். ஒரு செல்லில் =3.717/150*3600 என டைப் செய்தால் சராசரி வேகம் 89.2 கி.மீ. என்று வரும். அதாவது ஒரு நொடி மிச்சமானால் ஏறக்குறைய 25 மீட்டர் முன்னால் இருப்பீர்கள்.

நண்பரின் டர்போ இல்லாத பெட்ரோல் ஸ்விப்ட்டின் சார்ட் எங்களை யோசிக்க வைத்தது. த்ராட்டில் முழுதாகத் திறந்திருந்தது ஒரு சுற்றில் மூன்றில் ஒரு பங்கு நேரம்கூட இல்லை. இருக்கும் சக்தியையே பயன்படுத்தவில்லை, ரீமேப் எதற்கு? அதற்கு ஒதுக்கிய பணத்தில் அவர் நல்ல டயர் வாங்கினார். கூலன்ட் கோடும் சுற்றுக்குச் சுற்று மேலேறியது. 105 டிகிரியைத் தாண்டினால் அந்த செஷனை நிறுத்திவிடுவது என்று அன்றே முடிவு செய்தோம்.

சாதாரண கார் இன்சூரன்ஸ் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது, பாலிசியிலேயே எழுதியிருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவின்படி, தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றிய காரைச் சாலையில் ஓட்டுவது சிக்கல். உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. ரீமேப் செய்தால் வாரண்டியும் மறுக்கப்படலாம்.

கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆறவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் இழுக்காமல், கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். சூட்டில் டயரின் காற்றழுத்தம் கூடியிருக்கும். அந்த அளவைக் குறித்துக் கொண்டு, ஊர் திரும்பும் முன் ஆறிய டயரில் மீண்டும் சரிபாருங்கள். பைலுக்குப் பெயர் தரும்போது தேதியுடன் அந்த அளவையும் சேர்த்து சேவ் செய்திடுங்கள். அடுத்த முறை ஒப்பிட உதவும்.