அலை தந்த வார்த்தை

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திருநெல்வேலிக் குறுக்குத்துறைக்குப் போயிருக்கிறீர்களா? ஆற்றுக்குள் இருக்கும் முருகன் கோயிலையே முழுகடித்துக்கொண்டு தாமிரபரணி போகும். 'அபண்டன்ஸ்' என்ற இங்கிலீஷ் வார்த்தைக்கு உங்கள் பெண் அர்த்தம் கேட்டால், அகராதியைப் புரட்ட வேண்டாம். அந்த ஆற்றைக் காட்டிவிடுங்கள்.

லத்தீன் பாஷையில் 'உண்டா' என்றால் அலை. (பந்தியில் 'இன்னும் பாயசம் உண்டா?' என்கிறோமே, அது வேறு!) அலை பெருகிக் கரைமேல் வழிவதுதான் 'அபண்டன்ஸ்'. வேடிக்கை என்னவென்றால், வேண்டாத உபரி என்று பொருள்படும் 'ரிடண்டண்ட்' என்ற சொல்லும் அதே அலையில் பிறந்ததுதான். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று சமர்த்து, மற்றது தொல்லை. நம் மொழியிலும் இப்படி ஓர் இரட்டை உண்டு. 'மிகுதி' என்றால் மகிழ்கிறோம். 'மிகை' என்றால் முகம் சுளிக்கிறோம். இரண்டுக்கும் வேர் 'மிகு' என்பதே.

அந்த வித்தியாசத்தைப் பொருநைக்கரைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எட்டு அணைக்கட்டுகளில் தேங்கி, கால்வாய் வழியே வயலுக்குப் போனால் அது மிகுதி. காரும் பிசானமும் விளையும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்ததே, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பிரயாணிகளைச் சிறைவைத்த வெள்ளம், அது மிகை. பழந்தமிழில் 'வெள்ளம்' ஒரு பேரெண்ணின் பெயரும் கூட!

'கோபியா' என்ற லத்தீன் சொல்லுக்கும் நிறைவு என்றே பொருள். அதிலிருந்து 'கோப்பியஸ்' வந்தது. பரீட்சையில் பிள்ளைகள் அடிக்கும் 'காப்பி'யும் வந்தது. 'கலோர்' என்றால் இங்கிலீஷில் ஏராளம். ஆனால் அதைக் கொடுத்த ஐரிஷ்காரர்களுக்கு அதன் முதல் அர்த்தம் 'போதுமானது' என்பதுதான். போதும் என்றாலே ஏராளம் என்று அந்த வார்த்தைக்குத் தெரிந்திருக்கிறது, நமக்குத்தான் தெரிவதில்லை.

நன்னூலார் மிகுதிக்கு ஆறு உரிச்சொற்கள் சொன்னார்: சால, உறு, தவ, நனி, கூர், கழி. 'சாலச் சிறந்தது' என்று மேடையில் இன்றும் கேட்கிறோம். 'உறு' என்பதோ 'உறுபசி'யில் போய் உட்கார்ந்துவிட்டது, பாவம்!

நெல்லையே பெயரில் வைத்திருக்கும் ஊர் திருநெல்வேலி. களத்தில் தூற்றிக் குவித்த நெல்லுக்குப் 'பொலி' என்று பெயர். மரக்காலால் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணமாட்டார்கள், 'லாபம்' என்பார்கள்.

ஆனால் அகராதிக்காரரைத் திணற அடிப்பவர்கள் நம் வீட்டுப் பாட்டிமார்கள்தாம். பானையில் அரிசி தீர்ந்துபோனால் 'இல்லை' என்ற சொல்லை வாயால் சொல்லமாட்டார்கள். "அரிசி நிறைஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக் கையில் கொடுப்பார்கள். தாலிச் சரடு அறுந்தால், 'தாலி பெருகிற்று' என்பதே வழக்கு.